கீரிப்பிள்ளைக் கதையும் சினங்காத்தலும்: வீட்டு விலங்கின்மீது எழும் வெகுளி குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தையைக் காத்த வளர்ப்பு விலங்கை, அதுவே குழந்தையைக் கொன்றது எனப் பிறழ உணர்ந்து வளர்த்தவரே சினத்தால் கொன்றுவிடும் கதை இந்தியாவிலும் மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கி வந்துள்ளது. தமிழில் இக்கதையின் பழைய பதிவு சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் உள்ளது. வடமொழிப் பஞ்சதந்திரப் பாடங்களையும் மேற்கே சென்ற வடிவங்களையும் சிலம்பின் பதிவோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. பிற வடிவங்கள் சினத்தின் கணத்தையும் அதன் பின் வரும் கழிவிரக்கத்தையும் முதன்மைப்படுத்த, சிலப்பதிகாரம் சினத்துக்குப் பிந்தைய வாழ்வையும் அதைச் சீர்செய்யும் வழியையும் முதன்மைப்படுத்துகிறது என்பது இங்கு நிறுவப்படுகிறது. திருக்குறளின் வெகுளாமைக் கருத்துகளும் விலங்குவதைத் தடுப்புச் சட்டங்களின் போக்கும் இவ்வாய்வுக்குத் துணையாகின்றன.

திறவுச் சொற்கள்: கீரிப்பிள்ளை, நகுலம், சிலப்பதிகாரம், அடைக்கலக் காதை, பஞ்சதந்திரம், வெகுளாமை, வளர்ப்பு விலங்கு.

முன்னுரை

மனிதனின் சினத்தை ஆராய்ந்த நூல்கள் பெரும்பாலும் மனிதருக்கும் மனிதருக்கும் இடையில் எழும் சினத்தையே பேசியுள்ளன. அரசன் குடியின்மீதும், தலைவன் ஏவலர்மீதும், பகைவன் பகைவன்மீதும் கொள்ளும் வெகுளியே அறநூல்களின் எடுத்துக்காட்டாக அமைகிறது. வீட்டில் உடன் வாழும் விலங்கின்மீது எழும் சினம் தனித்துப் பேசப்படுவது அரிது. ஆயினும் அச்சினத்துக்குச் சில தனி இயல்புகள் உண்டு. விலங்கு தன் செயலுக்குக் காரணம் கூற இயலாது. அடிப்பவரை எதிர்த்து முறையிடவும் இயலாது. அடிபட்ட பின்னும் அது அதே கையிலிருந்தே உணவு பெற வேண்டியுள்ளது. எனவே வளர்ப்பவரின் சினத்துக்கு வெளியிலிருந்து தடை இல்லை. தடை இருப்பின் அது அவர் உள்ளத்திலிருந்தே எழ வேண்டும்.

இந்நிலையைக் கருவாகக் கொண்ட மிகப் பழைய கதை பார்ப்பனியும் கீரியும் பற்றிய கதையாகும். நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் பன்னாட்டு அட்டவணையில் இது 178அ என்னும் எண்ணைப் பெற்றுள்ளது. பென்ஃபை 1859இல் வெளியிட்ட பஞ்சதந்திர மொழிபெயர்ப்பும் அதன் விரிவான முன்னுரையும் இந்தியக் கதைகளின் மேற்குப் பயணத்தை ஆய்வுப் பொருளாக்கின. எமனோ 1940இல் எழுதிய கட்டுரையில் இக்கதை இந்தியாவில் அண்மைக்கால நிகழ்ச்சியாகவே கூறப்படுவதை எடுத்துக்காட்டினார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் இக்கதை வழங்கும் சூழல்களை ஆராய்ந்தார். இவ்வாய்வுகள் கதையின் பரவலையும் சூழலையும் விளக்கின. கதை சினத்தைப் பற்றி என்ன கூறுகிறது, தமிழ்ப் பதிவு அதில் எதைப் புதிதாகச் சேர்க்கிறது என்னும் வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வீட்டுக்குள் வந்த கீரி

பாம்புக்கும் கீரிக்கும் உள்ள பகை இந்திய இலக்கண மரபிலேயே இடம்பெற்றது. நிலையான பகை உடைய இரண்டின் பெயர்கள் சேர்ந்து ஒருமைத் தொகையாகும் என்பது பாணினியின் விதி. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் பாம்பும் கீரியும் சேர்ந்த தொகை ஒன்றாகும். இப்பகையே கீரியை மனிதக் குடியிருப்புக்கு அண்மையில் கொண்டுவந்தது. பாம்பு நுழையக்கூடிய வீடுகளில் கீரி பயன் தரும் விலங்காயிற்று.

எனினும் கீரி, நாயைப்போலவோ பசுவைப்போலவோ முழுமையாகப் பழக்கப்பட்ட விலங்கன்று. குட்டியிலேயே எடுத்து வளர்த்தால் வீட்டோடு ஒட்டும். ஆனால் அதன் கொல்லும் இயல்பு மாறுவதில்லை. வீட்டுக்கு அது காவலாவதும் அவ்வியல்பாலேயே. வீட்டார் அதை ஐயுறுவதும் அவ்வியல்பாலேயே. கதையின் முடிச்சு இந்த இரட்டை நிலையில்தான் விழுகிறது.

தமிழ் வழக்கு இவ்விலங்கைக் கீரிப்பிள்ளை என்று அழைப்பது கருதத்தக்கது. தொல்காப்பிய மரபியல் கூறும் இளமைப் பெயர்கள் ஒன்பதனுள் பிள்ளை என்பதும் ஒன்று. அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்பனபோலக் கீரியும் இச்சொல்லைப் பெறுகிறது. முழுதும் வளர்ந்த கீரியையும் கீரிப்பிள்ளை என்றே கூறுவதால், இங்குச் சொல் இளமையைக் கடந்து வாஞ்சையைச் சுட்டுகிறது எனலாம். சிலப்பதிகாரமும் வடசொல்லாகிய நகுலத்தைப் பிள்ளை என்னும் தமிழ்ச்சொல்லோடு சேர்த்தே ஆள்கிறது. வீட்டில் இரு பிள்ளைகள் வளர்ந்தனர் என்னும் கதைப்பொருள் ஒரு தொடரிலேயே அடங்கிவிடுகிறது.

வடமொழிப் பாடங்களில் கதை

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரம் ஆராயாது செய்தலின் கேட்டைப் பேசுவது. பழைய வடிவத்தில் கீரிக்கதையே அத்தந்திரத்தின் சட்டகமாக நிற்கிறது. தாய் நீராடச் செல்கிறாள்; குழந்தையைக் காக்கும் பொறுப்பு தந்தைக்கு. அரண்மனையிலிருந்து அழைப்பு வர, அவன் குழந்தையைக் கீரியின் காவலில் விட்டுச் செல்கிறான். தொட்டிலை நெருங்கிய பாம்பைக் கீரி கொல்கிறது. திரும்பி வந்த தந்தையை எதிர்கொண்டு ஓடிவரும் கீரியின் வாயில் குருதியைக் கண்டு, அவன் அதை அடித்துக் கொல்கிறான். உள்ளே சென்றபின் உறங்கும் குழந்தையையும் துண்டுபட்ட பாம்பையும் காண்கிறான்.

சமண அறிஞர் பூர்ணபத்திரர் 1199இல் முடித்த பாடத்தில் அமைப்பு மாறுகிறது. துறவியரை அடித்துக் கொன்ற நாவிதனின் கதை சட்டகமாக, கீரிக்கதை அதன் உட்கதையாகிறது. கொல்பவரும் மாறுகிறார். இங்குத் தாயே கொல்கிறாள். வீட்டில் குட்டி ஈன்று இறந்த பெண்கீரியின் குட்டியைத் தன் மகனுக்கு உடன்பிறப்பாகப் பாலூட்டி வளர்த்தவளும் அவளே. ஆயினும் விலங்கின் இயல்பு எப்போது வெளிப்படுமோ என்னும் ஐயம் அவள் உள்ளத்தில் நீங்கவில்லை. தண்ணீர் எடுக்கச் செல்கையில் குழந்தையைக் கீரியிடமிருந்து காக்கும்படி கணவனிடம் கூறிச் செல்கிறாள். அவன் பிச்சை ஏற்க வெளியே போய்விடுகிறான். குடத்தோடு திரும்பியவள் குருதி படிந்த வாயைக் கண்டதும் குடத்தைக் கீரியின்மேல் எறிந்து கொல்கிறாள். பின் உண்மை அறிந்து அழுது, வீடு திரும்பிய கணவனைப் பேராசைக்காரன் எனப் பழிக்கிறாள்.

இவ்விரு வடிவங்களும் சினத்தின் பிறப்பை இரு வகையாகக் காட்டுகின்றன. தந்தை கொல்லும் வடிவத்தில் கடமை தவறியவனின் குற்றவுணர்வு உண்டு. தான் காவலை விட்டு நீங்கினான் என்னும் அச்சமே அவன் கையை விரைவாக உயர்த்துகிறது. தாய் கொல்லும் வடிவத்தில் முன்னரே உள்ளத்தில் கிடந்த ஐயமே சினமாகிறது. அவள் கீரியின் வாயில் கண்டது குருதியை மட்டுமன்று. தான் நெடுநாள் அஞ்சிய ஒன்று நிகழ்ந்துவிட்டது என்பதற்கான உறுதியையும்தான். சினம் திடீரெனத் தோன்றியது போலத் தெரிந்தாலும், அதன் வேர் அன்றைய நிகழ்ச்சிக்கு முன்பே ஊன்றியிருந்தது. கொலைக்குப் பின்னும் சினம் அடங்காமல் கணவன்மீது திரும்புவது இப்பாடத்தின் நுட்பமாகும். இதோபதேசம் தந்தை கொல்லும் வடிவத்தையே பின்பற்றுகிறது.

சிலப்பதிகாரத்தில் நகுலம்

சிலப்பதிகாரம் இக்கதையை முழுமையாகக் கூறவில்லை. மதுரைக் காண்டத்து அடைக்கலக் காதையில், புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கும் மாடல மறையோன், கோவலன் முன்பு செய்த நற்செயல்களை எண்ணிக் கூறுகிறான். முதிய அந்தணனை மதயானையின் பிடியிலிருந்து மீட்டது ஒன்று. கீரியின் இறப்பால் துயருற்ற பார்ப்பனியின் இடர் களைந்தது மற்றொன்று. பொய்க்கரி கூறிப் பூதத்தின் கயிற்றில் சிக்கியவனின் சுற்றத்தைத் தாங்கியது பிறிதொன்று.

நகுலக் கதை சில அடிகளிலேயே அமைகிறது. பிள்ளையாகிய நகுலம் இறந்துபட்டது. மனைவியை வெறுத்த மறையவன் வடதிசை நோக்கிப் புறப்பட்டான். அவள் வருந்திப் பின்சென்றாள். அவள் கையால் உண்டு வாழ்வது இனித் தகாது எனக் கூறிய அவன், வடமொழி வாசகம் எழுதிய ஏடு ஒன்றை அவளிடம் தந்து, கடமை உணர்ந்த மாந்தர் கையில் கொடுக்கச் சொல்லி நீங்கினான். அவள் வணிகர் வாழும் தெருக்களில் மனைதோறும் சென்று, தன் வினையின் பயனைப் பொருள் தந்து போக்குவார் உளரோ எனக் கேட்டுத் திரிந்தாள். கோவலன் அவளை அழைத்து உற்றது வினவி, நூல்கள் விதித்தபடி தானம் செய்து அவள் துயர் நீக்கினான். காட்டுவழி சென்ற கணவனையும் அழைத்துவந்து சேர்த்து, பொருள் கொடுத்து அவ்விருவரையும் நல்வழிப்படுத்தினான்.

இப்பகுதியில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பாம்பும் தொட்டிலும் குருதி படிந்த வாயும் இங்கு இல்லை. கதையைக் கேட்போர் முன்னரே அறிந்திருந்தனர் எனக் கொண்டே காப்பியம் பேசுகிறது. ஏட்டிலிருந்த வாசகத்தை, ஆராயாது செய்யற்க என்னும் கருத்துடைய பஞ்சதந்திரச் சுலோகமாக உரைமரபு கொள்வதும் இதற்கு இயைகிறது. இரண்டாவது, தீங்கு செய்தவள் மனைவி. பூர்ணபத்திரரின் பாடத்துக்கு முற்பட்டதாகவே சிலப்பதிகாரம் கொள்ளப்படுகிறது. அதன் காலத்தை 2ஆம் நூற்றாண்டு எனக் கொள்வோரும் 5, 6ஆம் நூற்றாண்டுகள் எனக் கொள்வோரும் இதில் வேறுபடார். எனவே மனைவி கொல்லும் வடிவம் 12ஆம் நூற்றாண்டுக்கு நெடுங்காலம் முன்னரே தமிழகத்தில் வழங்கியது என்பது பெறப்படும். மூன்றாவது, கதை முடியும் இடத்தில் காப்பியத்தின் பகுதி தொடங்குகிறது. பஞ்சதந்திரம் அழுகையோடு நிறுத்திக்கொள்ள, சிலம்பு அவ்வழுகைக்குப் பின் ஒரு பெண் எவ்வாறு வாழ்வாள் என்று வினவுகிறது.

அவளுக்கு வரும் தண்டனை வீட்டிலிருந்தே வருகிறது. அவள் கை சமைத்த உணவு ஏற்கத் தகாததாகிறது. விலங்கைக் கொன்ற கையே உணவு தரும் கை என்பதை மறையவனின் கூற்று நுட்பமாகச் சுட்டுகிறது. ஆயினும் அவன் அவளை வெறுங்கையோடு விடவில்லை. ஏடு ஒன்றைத் தருகிறான். ஏட்டை ஏந்தித் தெருவில் செல்வது தன் குற்றத்தைத் தானே பலர்முன் அறிவிப்பதாகும். அறிவித்தலும் ஈடு செய்தலும் மீண்டும் இணைதலும் என்னும் மூன்று படிகளில் இக்கதை நடக்கிறது. செய்த தவற்றை மறைத்தோ மறந்தோ கடப்பது இங்கு வழியாகக் கூறப்படவில்லை.

மேற்கே சென்ற கதை

பாரசீக மன்னன் முதலாம் குஸ்ரோ ஆட்சியில் (531–579) பஞ்சதந்திரம் பகலவி மொழிக்கு மாற்றப்பட்டது. அதிலிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா அரபியில் கலீலா வதிம்னாவை ஆக்கினார். அதில் கீரி, மரநாய் இனத்துச் சிறு விலங்காக மாறுகிறது; பார்ப்பனன் துறவியாகிறான். எபிரேய வடிவத்தின் வழியாகக் கப்புவா நகரத்து யோவான் 13ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் ஆக்கிய நூல் ஐரோப்பிய மொழிகளுக்கு வாயிலாயிற்று. சிந்துபாத் நூல், ஏழு ஞானியர் கதை ஆகியவற்றின் வழியாகச் சென்ற கிளையில் விலங்கு நாயாயிற்று.

13ஆம் நூற்றாண்டில் தொமினிக்கத் துறவியும் சமய விசாரணையாளருமான ஸ்டீபன் தெ பூர்போன், லியோன் நகருக்கு அண்மையிலுள்ள தோம்ப் பகுதியில் கண்ட ஒரு வழிபாட்டைப் பதிவு செய்தார். பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்த வேட்டை நாயை அதன் தலைவன் வாளால் வெட்டினான். உண்மை தெரிந்தபின் நாயைக் கிணற்றிலிட்டுக் கற்களால் மூடி மரங்களை நட்டனர். அவ்விடத்துக்குத் தாய்மார் நோயுற்ற குழந்தைகளைக் கொண்டுவந்து, கினஃபோர் என்னும் பெயரால் நாயை வணங்கினர். ஸ்டீபன் நாயின் எலும்புகளைத் தோண்டி எரிக்கவும் மரங்களை வெட்டவும் செய்தார். எனினும் வழிபாடு அழியாமல் 19ஆம் நூற்றாண்டுவரை நீடித்ததை ழான் குளோத் ஷ்மித் 1979இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

வேல்சு நாட்டில் இக்கதை 13ஆம் நூற்றாண்டு அரசன் லுவலினோடும் கெலர்ட் என்னும் நாயோடும் இணைக்கப்பட்டது. அங்குப் பாம்பின் இடத்தில் ஓநாய் வருகிறது. பெத்கெலர்ட் ஊரில் காட்டப்படும் நாயின் கல்லறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் விடுதிக்காரர் ஒருவரால் பயணிகளை ஈர்க்க அமைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது.

ஐரோப்பிய வடிவங்களில் ஈடு செய்தல் விலங்குக்கு நினைவிடம் எழுப்புவதாக அமைகிறது. கல்லும் மரமும் கல்லறையும் கொன்றவரின் கழிவிரக்கத்தைத் தாங்கி நிற்கின்றன. சிலப்பதிகாரத்தில் கீரிக்கு நினைவிடம் இல்லை. கொன்றவளின் வாழ்வே செப்பனிடப்படுகிறது. இரு மரபுகளும் ஒரே குற்றத்துக்கு இருவேறு விடைகளைத் தருகின்றன.

பார்வையின் வரிசை

கதையை விரித்துக் கூறும் வடிவங்கள் பலவற்றில் ஒரு பொதுக்கூறு உண்டு. கொல்பவர் முதலில் விலங்கின் வாயைப் பார்க்கிறார். பின்னரே தொட்டிலைப் பார்க்கிறார். இடையில் உள்ள தொலைவு வாயிலிலிருந்து அறைவரை நடக்கும் சில அடிகளே. அந்தச் சில அடிகளை நடந்த பின் சினந்திருந்தால் சினமே எழுந்திராது. கதையின் அறிவுரை சினமே கூடாது என்பதன்று. சினத்துக்கு முன் பார்க்க வேண்டியதைப் பார் என்பதாகும்.

இவ்வமைப்பு சினம் தொழிற்படும் முறையைத் துல்லியமாகக் காட்டுகிறது. கண்ட குறி ஒன்று. அதற்குப் பொருள் பல. குருதி என்பது குறி. குழந்தையின் குருதி என்பது ஊகம். சினம் குறிக்கும் ஊகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அழித்துவிடுகிறது. விலங்கின் நடத்தையும் இதனால் திரிபாகிறது. தன் வெற்றியைக் காட்ட எதிர்கொண்டு ஓடிவரும் கீரியின் செயல், கொல்பவர் கண்ணுக்குக் குற்றத்தின் சான்றாகவே படுகிறது. வாய்பேசாத உயிரின் செயலுக்குப் பொருள் தருபவர் மனிதரே ஆதலின், அப்பொருள் தவறானால் அதைத் திருத்துவார் எவரும் இலர்.

உரோம அறிஞர் செனெகா சினம் பற்றி எழுதிய நூலில், காலந்தாழ்த்துதலே சினத்துக்குச் சிறந்த மருந்து எனக் கூறினார். கீரிக்கதை அக்கருத்தை இடத்தின் தொலைவாக மாற்றிக் காட்டுகிறது. காலந்தாழ்த்துதல் வெறும் பொறுத்திருத்தலாக இருப்பின் சினம் உள்ளேயே முதிரக்கூடும். கதை வேண்டுவது அந்தக் காலத்தில் சென்று காணுதலை.

மற்றொரு பொறுப்பையும் கதை மறைமுகமாகச் சுட்டுகிறது. கைக்குழந்தையையும் விலங்கையும் தனியே விட்டு நீங்கிய பெரியவரின் தவறே நிகழ்ச்சிகளின் தொடக்கம். தம் கவனக்குறைவை ஏற்க இயலாதபோது அதன் சுமை விலங்கின்மீது இறக்கப்படுகிறது. வளர்ப்பு விலங்கின்மீது எழும் சினத்தில் ஒரு பங்கு இவ்வாறு இடம் மாறி வந்த சினமே என்பதைப் பாடங்கள் இரண்டும் உணர்த்துகின்றன.

சினம் செல்லுமிடம்: குறளின் நோக்கு

திருக்குறளின் வெகுளாமை அதிகாரம் (31) சினத்தைக் காக்க வேண்டிய இடத்தை வரையறுத்தே தொடங்குகிறது. தன் சினம் பலிக்கும் இடத்தில் அதைத் தடுப்பவனே சினம் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்பது முதற்குறளின் (301) கருத்து. அடுத்த குறள் (302) பலிக்கும் இடத்துச் சினத்தைவிடத் தீயது வேறில்லை என்கிறது. வலியவர்முன் அடங்குவது அச்சமாகவும் இருக்கலாம். எதிர்க்க இயலாத உயிரின்முன் அடங்குவதே அடக்கம்.

வீட்டு விலங்கு, சினம் தடையின்றிப் பலிக்கும் இடத்தின் முழுமையான எடுத்துக்காட்டாகும். அருளுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் (250) தன்னினும் மெலியார்மேல் செல்லும்போது, தான் வலியார்முன் நிற்கும் நிலையை நினைக்கச் சொல்கிறது. கொல்லாமை, புலால் மறுத்தல் ஆகியவற்றைத் தனி அதிகாரங்களாக வகுத்த நூலில், அருளின் அதிகாரம் இக்கருத்தோடு முடிவது பொருளுடையது. சினம் காப்பதற்குக் குறள் தரும் வழி தன்னை இடம் மாற்றி நிறுத்திப் பார்க்கும் ஒரு பயிற்சி. 305ஆம் குறள் சினத்தைக் காவாதவனை அச்சினமே அழிக்கும் என்கிறது. பார்ப்பனியின் கதையில் இது சொல்லுக்குச் சொல் நிகழ்கிறது. கீரி ஒரு கணத்தில் இறந்தது. அவள் வாழ்வு தெருத்தெருவாக அலைந்தது.

வினைத்தூய்மை அதிகாரத்தில் (655), பின்னர் இரங்க நேரும் செயலைச் செய்யற்க. செய்துவிட்டால் மீண்டும் அத்தகையது செய்யாமை நன்று என்னும் கருத்து வருகிறது. தவறியவருக்கும் ஒரு வழி உண்டு என்பதே இதன் உட்பொருள். கோவலன் அப்பெண்ணை நல்வழிப்படுத்தியதும் இந்நோக்கோடு பொருந்துகிறது.

காப்பியத்தின் பெருஞ்சினம்

நகுலக் கதை இடம்பெறும் இடம் தற்செயலானதன்று எனக் கருத இடமுண்டு. அடைக்கலக் காதையை அடுத்து வருவது கொலைக்களக் காதை. அங்குப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, தேவியின் ஊடல் தீர்க்கும் விரைவில், ஆராயாமல் கொலைக்கு ஆணையிடுகிறான். கையில் சிலம்பு இருப்பது குறி. அதைத் திருடினான் என்பது ஊகம். கீரியின் வாயில் குருதி இருந்ததற்கும் கோவலன் கையில் சிலம்பு இருந்ததற்கும் அமைப்பில் வேறுபாடில்லை. ஆராயாச் செயலின் துயரை ஒருமுறை துடைத்தவனே ஆராயாச் செயலுக்கு இரையாகிறான். பார்ப்பனிக்கு ஒரு கோவலன் கிடைத்தான். கோவலனுக்கு அத்தகையவர் எவரும் கிடைக்கவில்லை.

பின் எழும் கண்ணகியின் சினம் மதுரையை எரிக்கிறது. ஆயினும் வஞ்சினமாலையில் அவள் தீக்கடவுளுக்கு வரையறை விதிக்கிறாள். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவியர் ஆகியோரைத் தவிர்த்துத் தீத்திறத்தார் பக்கமே சேர்க என்கிறாள். அழற்படு காதையில் கறவைகளும் கன்றுகளும் தீயில் படாமல் ஆயர் தெருவை அடைகின்றன. யானைகளும் குதிரைகளும் மதிற்புறம் பெயர்கின்றன. நகரையே எரிக்கும் சினமும் குற்றமற்ற விலங்கை விலக்கி அறிகிறது என்பது காப்பியம் காட்டும் அளவுகோல்.

பார்ப்பனியையும் காப்பியம் தீத்திறம் புரிந்தவள் என்றே சுட்டுகிறது. அவள் குற்றத்தை அது குறைத்துக் கூறவில்லை. ஆனால் மதுரையின் தீத்திறத்தார்க்குத் தீ வாய்க்க, இவளுக்குத் தானமும் கணவனோடு மீண்டும் இணைதலும் வாய்க்கின்றன. அவள் தன் செயலை ஏட்டில் ஏந்தித் தானே அறிவித்தாள் என்பதே இவ்விரு முடிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடாகலாம்.

சட்டத்தின் நோக்கு

வளர்த்தவரின் சினத்தைச் சட்டம் நெடுங்காலம் காணவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 428, 429ஆம் பிரிவுகளில் விலங்கைக் கொல்வதையும் ஊனப்படுத்துவதையும் சொத்துக்கு இழப்பு விளைத்தலாகவே நோக்கியது. விலங்கின் மதிப்பு 10 ரூபாய், 50 ரூபாய் என அளக்கப்பட்டது. இந்நோக்கில், தன் கீரியைத் தானே கொன்றவள் எவருக்கும் இழப்பு விளைத்தவள் அல்லள்.

விலங்கின் துன்பத்தையே குற்றத்தின் அடிப்படையாகக் கொண்ட நோக்கு விலங்குவதைத் தடுப்புச் சட்டங்களோடு வருகிறது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1960இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா இதற்கு முன்னோடியாயிற்று. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவர் பணியாற்றினார். இச்சட்டத்தின் 11ஆம் பிரிவு அடித்தல், உதைத்தல் முதலியவற்றை உரிமையாளர் செய்தாலும் குற்றமாக்கியது. ஆயினும் முதற்குற்றத்துக்கு விதித்த தண்டம் 10 முதல் 50 ரூபாய்வரை என்பதே. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, விலங்கின் விலைமதிப்பு அளவுகோலை 325ஆம் பிரிவில் கைவிட்டது. கீரியோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவதால் இன்று வீட்டில் வளர்க்கத்தக்கதன்று.

சட்டம் செயலுக்குப் பின் வருவது. மூடிய கதவுக்குள் நிகழ்வதை அது காண்பதும் அரிது. அவ்விடைவெளியை நிரப்பியவை கதைகளே. 1826இல் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரத் தமிழாக்கம் வெளிவந்தபின் இக்கதைகள் தமிழ் உரைநடைப் பயிற்சியிலும் இடம்பெற்றன. கீரிக்கதை சிறுவர் பாடமாயிற்று. ஆனால் பாடமாகச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் அழுகையோடு முடிந்துவிடுகிறது. அடைக்கலக் காதை அதற்கப்பால் கூறியது பொதுவழக்கில் சேரவில்லை.

முடிவுரை

கீரிக்கதையின் வடிவங்களை ஒப்பிட்டதன் வாயிலாகப் பின்வருவன பெறப்படுகின்றன.

வளர்ப்பு விலங்கின்மீது எழும் சினத்துக்கு வெளித்தடை இல்லை. எனவே குறள் கூறும் சினம் பலிக்கும் இடத்தின் தெளிவான சான்றாக அது அமைகிறது.

அச்சினம் பெரும்பாலும் விலங்கின் செயலிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. முன்னரே இருந்த ஐயமும், காவல் தவறிய குற்றவுணர்வும் அதற்குள் கலந்துள்ளன. தாய் கொல்லும் வடிவமும் தந்தை கொல்லும் வடிவமும் இவற்றை முறையே புலப்படுத்துகின்றன.

கதை விரித்துரைக்கப்படும் வடிவங்களில் தீர்வு ஒன்றே: வாயைக் கண்டவுடன் கை ஓங்காமல் தொட்டிலைச் சென்று காணுதல்.

மனைவி கொல்லும் வடிவம் பூர்ணபத்திரரின் பாடத்துக்கு முன்னரே தமிழகத்தில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு அடைக்கலக் காதை சான்றாகிறது.

ஐரோப்பிய மரபு கொல்லப்பட்ட விலங்குக்கு நினைவிடம் எழுப்பியது. சிலப்பதிகாரம் கொன்றவளின் வாழ்வைச் செப்பனிட்டது. குற்றத்தை அறிவித்தல், ஈடு செய்தல், மீண்டும் இணைதல் என்னும் படிகளை அது வகுத்துக் காட்டியது.

சினம் காத்தல் என்பது சினம் எழுமுன் செய்யும் பயிற்சியாக மட்டுமே பொதுவாகப் பேசப்படுகிறது. காக்கத் தவறியவர் அதன்பின் செய்ய வேண்டியதும் அதன் பகுதியே என்பதை நகுலக் கதை உணர்த்துகிறது. இறந்த கீரி மீள்வதில்லை. அந்த ஏட்டை வாங்க ஒரு கை நீள்வதால் ஒரு மனிதவாழ்வு மீளக்கூடும் என்பதைச் சிலம்பு தன் தலைவனின் பெருமைகளுள் ஒன்றாக வைத்துப் போற்றியுள்ளது.